வகையும் மிச்சமும்

1

என் அக்கா மகன் சேலத்தில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவான். சென்ற முறை வந்தபோது சமிக்ஞைகள் பற்றிய பாடத்தில் அரியர் வைத்திருந்தான். "மாமா, நீங்க இங்கிலீஷ் பி.ஏ.தானே, இந்த மொத சாப்டரை மட்டும் படிச்சு அர்த்தம் சொல்லுங்க" என்று புத்தகத்தை நீட்டினான். நான் படித்தது ஆங்கில இலக்கியம். வயிற்றுக்காகச் செய்வது வங்கியில் குமாஸ்தா வேலை. இரண்டுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்ற நினைப்போடுதான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு இரவு தூக்கம் கெட்டது. காரணம் கணிதமல்ல.

அந்த அத்தியாயம் முழுக்க வகைப்பாடு. காலத்தோடு மாறுகிற எந்த அளவும் அவர்களுக்குச் சமிக்ஞைதான். ஒருவனுடைய குரல், அணையின் நீர்மட்டம், நோயாளியின் நாடி, சேமிப்புக் கணக்கின் இருப்பு எல்லாமே. இவற்றை ஜோடி ஜோடியாகப் பிரிக்கிறார்கள். இடைவிடாமல் தொடர்வது, விட்டுவிட்டு அளக்கப்பட்டது. குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்ப வருவது, வராதது. சூத்திரத்தில் அடங்குவது, அடங்காமல் தற்செயலானது. மொத்த ஆற்றலுக்கு எல்லை உள்ளது, எல்லையின்றி ஓடிக்கொண்டிருப்பது. பூஜ்யத்துக்கு இருபுறமும் ஒரே முகம் காட்டும் இரட்டை, மறுபுறத்தில் தலைகீழாகிவிடும் ஒற்றை. பரீட்சையில் 'கீழ்க்கண்ட சமிக்ஞைகளை வகைப்படுத்துக' என்று ஒரு கேள்வி நிச்சயமாம். பையனுக்கு வேண்டியது அதற்குரிய மதிப்பெண்.

இந்த விஷயத்துக்கு இலக்கியப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கலாம். 'எழுத்து' ஆரம்பித்த 1959இலிருந்து கணக்கிட்டால் அறுபது வருஷத்துக்கு மேலாக நாமும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மரபு, புதிது, அகவயம், புறவயம், இலக்கியம், இலக்கியமல்லாதது. ஒரு பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்காக நண்பர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் வகைப்பாடு என்ற காரியத்துக்கே ஒரு அறம் உண்டா, உண்டென்றால் அதை எப்படிச் சோதிப்பது என்று நாம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்தப் பாடநூலும் கேட்கவில்லைதான். ஆனால் பதிலுக்கான சாமான்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன.

2

முதல் மூன்று ஜோடிகளை எடுத்துக்கொள்வோம்.

கல்வராயன் மலையில் மழை பெய்வது தொடர்ச்சியான சம்பவம். சாதாரண மழைமானியில் அது ஒரு நாளைக்கு ஒரு எண். நம் நாட்டு வழக்கப்படி காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கிறார்கள். அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் சேர்ந்திருந்தால் அது 'மழை நாள்'. 2.4 என்றால் இல்லை. இரவு அரைமணி நேரம் கொட்டித் தீர்த்த மழை கோமுகி ஆற்றில் செந்நீராக இறங்கி அணைக்கு வந்துவிடும். அதே அளவு மழை பகல் முழுக்கத் தூறலாகப் பெய்தால் பெரும்பகுதியை மலைக்காடு குடித்துவிடும். எட்டரை மணிக்கு மானியில் இரண்டும் ஒரே எண். ஆக 'விட்டுவிட்டு இருப்பது' என்பது மழையின் குணமல்ல. பார்க்க வந்தவன் எத்தனை தடவை வந்தான் என்பதன் கணக்கு.

அடுத்தது, திரும்ப வருவது. ஒரு சமிக்ஞை அப்படிப்பட்டது என்று கணிதம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது ஆதியும் அந்தமும் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். இந்த உலகத்தில் அப்படி எதுவும் இல்லை. மின்மாற்றியின் ரீங்காரம்கூட ஒரு நாள் தொடங்கியது, ஒரு நாள் நிற்கும். எனவே இந்த வகைக்கு உறுப்பினரே கிடையாது. இதைச் சொன்னதும் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொல்காப்பியம் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. பாலை இல்லாமல் அகத்திணையும் இல்லை. உறுப்பினர் இல்லாத வகை பொய்யாகிவிடாது. அது ஒரு அளவுகோல். அளவுகோலைப் பொருளென்று எண்ணிக்கொள்ளும்போதுதான் பிசகு. எங்கள் ஊரின் பெயரிலேயே 'குறிச்சி' இருக்கிறது. குறிஞ்சி நிலத்து ஊருக்குரிய பெயர். ஊரோ சமவெளியில், நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, தற்செயல். அடுத்த கணத்தின் மதிப்பை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சமிக்ஞை தற்செயலானது. டெலிபோனில் ஓடுகிற பேச்சைப் பொறியாளர்கள் இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள். பேசுகிறவனுக்கு அது தற்செயலா? மூன்று நாள் யோசித்து, மனைவியிடம் கலந்து, கடைசியில் தம்பியிடம் பணம் கேட்டே தீர்வது என்று முடிவுசெய்து ஒருவன் பேசுகிற வாக்கியம் அவனைப் பொறுத்தவரை தீர்மானம். கம்பிக்கு அது தற்செயல். 1948இல் தகவல் பற்றிய கோட்பாட்டை எழுதிய ஷானன், செய்தியின் அர்த்தம் பொறியியல் பிரச்னைக்குச் சம்பந்தமற்றது என்று முதல் பக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறார். அவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒதுக்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். எத்தனை தடவை பார்த்தேன், எவ்வளவு காலம் பார்த்தேன், எவ்வளவு தெரிந்துகொண்டேன் என்பவை பார்ப்பவனின் எல்லைகள். வகைப்பெயர் அவற்றைப் பொருளின் குணமாக எழுதிவிடுகிறது.

3

இங்கே ஒரு சௌகரியமான முடிவு வாசலில் வந்து நிற்கிறது. எல்லாம் பார்ப்பவன் கண்ணில்தான் இருக்கிறது, எந்த வகைப்பாடும் வன்முறை, ஆகவே வகைப்படுத்தாதிருப்போம். நம்மிடையே சிலருக்கு இது உவப்பான பேச்சு. உழைக்கவேண்டியதில்லை. அந்தப் புத்தகம் இந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

அதில் ஒரு தேற்றம் இருக்கிறது. நைக்விஸ்ட் 1928இல் தந்தி பற்றி எழுதியதிலும், கொத்தெல்னிகோவ் 1933இலும், ஷானன் 1949இலும் எழுதியவற்றிலும் இது உருப்பெறுகிறது. ஒரு சமிக்ஞையில் உள்ள மிக வேகமான அசைவு எதுவோ, அதன் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுத்தால், விட்டுவிட்டு எடுத்த அந்தப் புள்ளிகளிலிருந்து முழுச் சமிக்ஞையையும் திரும்பப் பெற்றுவிடலாம். தோராயமாக அல்ல, முழுமையாக. டெலிபோனில் பேச்சை ஏறத்தாழ 3400 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொண்டு நொடிக்கு 8000 மாதிரிகள் எடுப்பது இந்தக் கணக்கில்தான். இடையில் பார்க்காமல் விட்ட கணங்களில் எதுவும் தொலைந்துபோகவில்லை.

அதைவிட மெதுவாக எடுத்தால் என்ன ஆகும்? தகவல் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். நடப்பது வேறு. இல்லாத ஒன்று தோன்றும். நொடிக்கு 24 படங்கள் ஓடும் சினிமாவில் வேகமாகப் போகிற வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பின்சுழற்சி வண்டியில் இல்லை, படங்களில் இருக்கிறது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பொய்யென்று நிரூபிக்கவும் முடியாது. குறைவாகப் பார்க்கிறவன் குறைவாகத் தெரிந்துகொள்வதோடு நின்றால் பரவாயில்லை. அவன் வேறொன்றை உறுதியாகத் தெரிந்துகொள்கிறான்.

ஆகவே வகைப்பாட்டுக்கு ஒரு சோதனை உண்டு. வகைப்படுத்திய பிறகு, கையிலிருக்கும் குறிப்புகளிலிருந்து பொருளைத் திரும்பப் பெற முடிகிறதா? முடிந்தால் அது நியாயமான வகைப்பாடு. முடியாதென்றால், எவ்வளவு தொலைந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் தொழிலில் இதற்குக் கச்சிதமான உதாரணம் உண்டு. 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட்ட முறை இது: மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எதுவோ அதற்குத்தான் அந்த மாத வட்டி. கணக்கில் ஐம்பது ரூபாய் வைத்திருக்கிற ஒருவர் ஜனவரி 11ஆம் தேதி ஐயாயிரம் போட்டு, பிப்ரவரி 27ஆம் தேதி எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தேழு நாள் அவர் பணம் வங்கியில் இருந்தது. இரண்டு மாதத்துக்கும் வட்டி ஐம்பது ரூபாய்க்கு மட்டும். அன்றைய மூன்றரை சத வட்டியில் அவர் இழந்தது இருபத்திரண்டு ரூபாய் சொச்சம். பெரிய தொகையில்லைதான். ஆனால் லெட்ஜரின் கண்ணில் அந்த நாற்பத்தேழு நாளும் அவர் ஐம்பது ரூபாய்க்காரர். யாரும் ஏமாற்றவில்லை. கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் நாள்தோறும் பெருக்கிக் கூட்டுவது ஆகிற காரியமில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிஸர்வ் வங்கி மாற்றியது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் யாரும் நல்லவராகிவிடவில்லை. மாதிரி எடுக்கும் வேகம் மட்டும் கூடியது. ஒரு அநியாயம் தீர்ந்தது.

எதிர் உதாரணமும் சொல்லவேண்டும். பொதுவாக ஒரு கடனின் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன் வகைக்குப் போய்விடும். பயிர்க்கடனுக்கு இந்த 90 நாள் பொருந்தாது. குறுகிய காலப் பயிரென்றால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிரென்றால் ஒரு பருவம் நிலுவையிருந்தால்தான். கரும்பு வருஷத்துக்கு ஒருமுறை காசாகிறது. அதைத் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து 'இவன் கட்டவில்லை' என்று எழுதுவது மூடத்தனம் என்று சட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. பொருளின் அசைவுக்கேற்ப அளவை மாற்றிக்கொண்ட வகைப்பாடு இது. உத்தியோக மொழியில் இப்படி ஒன்று அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

4

அத்தியாயத்தின் கடைசி ஜோடி இரட்டையும் ஒற்றையும். இதில் ஒரு விசேஷம். பெரும்பாலான சமிக்ஞைகள் இரண்டிலும் சேராதவை. ஆனால் எந்தச் சமிக்ஞையையும் ஒரு இரட்டைப் பகுதி, ஒரு ஒற்றைப் பகுதி என்று பிரித்துவிடலாம். அப்படிப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டையும் கூட்டினால் பழைய சமிக்ஞை ஒரு துளி குறையாமல் திரும்ப வருகிறது.

அதாவது வகைப்படுத்துவதில் இரண்டு முறைகள். ஒன்று, தபாலாபீஸில் கடிதங்களைக் குழிகளில் போடுவது. இதிலா, அதிலா என்பதுதான் கேள்வி. போட்ட பிறகு குழியின் பெயர்தான் மிஞ்சும். மற்றது, ஒரே பொருளுக்குள் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது. பிரித்ததைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பும் இதில் சேர்ந்திருக்கிறது.

நம் விமர்சனம் பெரும்பாலும் தபாலாபீஸ் வேலை. ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதையின் தொடக்கம் என்று குழி ஒதுக்கியாகிவிட்டது. அவர் கவிதைகளை உரக்கப் படித்துப் பாருங்கள். யாப்பின் நடை எத்தனை இடத்தில் காலடியோசை மாதிரி கூடவே வருகிறது என்று காது சொல்லும். அதைச் சொன்னால் புதுக்கவிதைக்குத் துரோகம் என்று நினைக்கிறவர்களும், சொல்லிவிட்டதால் அவர் புதுக்கவிஞரே அல்ல என்று நினைக்கிறவர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். புதிதா மரபா என்ற கேள்வி அந்தக் கவிதைகளைத் திரும்பத் தராது. இந்த வரியில் எது எவ்வளவு, சேர்ந்து என்ன செய்கின்றன என்ற கேள்வி தரக்கூடும். திணை மயக்கத்தைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. அவ்வளவு கறாராகப் பிரித்தவர்களுக்கு, பிரித்தவை கலக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

குழியில் போடுகிற முறை மனிதர்கள்மேல் பாயும்போது விளைவு வேறு மாதிரி. கல்வராயன் மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் கதை. பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்த மாவட்டங்களில் இருந்தால் பழங்குடி. ஈரோட்டில் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். அந்தப் பகுதி பழைய கோயம்புத்தூர் மாவட்டம்; பட்டியலில் இல்லை. ஆகவே அவர்களுக்கு அந்தச் சான்றிதழ் இல்லை, அதற்காக நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தென் ஆற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து மறைந்தது. எங்கள் ஊர் முதலில் விழுப்புரத்தோடு போய், 2019 நவம்பரில் தானே ஒரு மாவட்டமாயிற்று. ஒரு சனம் யார் என்பதைத் தீர்மானிக்கிற கோடு, மண்ணில் இல்லாத ஒரு மாவட்டத்தின் எல்லைக்கோடு. 'மலையாளி, தென் ஆற்காடு' என்ற சொற்களிலிருந்து அந்த மக்களைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கேயாவது ஒரு வரி போட்டுத்தான் ஆகவேண்டும் என்பது நியாயமே. வரிக்கு வெளியே நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்று அதே தாளில் எழுதிவைக்கலாமல்லவா?

5

இதுவரை சொன்னது பொருளைப் பற்றி. பொருளல்லாதது என்று ஒதுக்கப்படும் மிச்சத்துக்குப் பொறியாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: இரைச்சல். எனக்கு வேண்டாத சமிக்ஞைதான் இரைச்சல். வேறு வரையறை அதற்கு இல்லை.

அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்கு இரைச்சலை ஆராயும் வேலை கொடுத்தார்கள். கடல் தாண்டி வானொலி அலையில் நடக்கும் டெலிபோன் பேச்சைக் கெடுப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுழலும் ஏரியல் ஒன்றை அமைத்து, கேட்ட இரைச்சலை மூன்றாக வகைப்படுத்தினார். பக்கத்து இடிமழையால் வருவது, தூரத்து இடிமழையால் வருவது, எதனாலென்று தெரியாமல் 'ஸ்' என்று ஒரே சீராக வருவது. மூன்றாவது மிகவும் பலவீனமானது. முதல் இரண்டைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் சம்பளத்துக்குப் பழுதில்லை. அவர் மூன்றாவதை விடவில்லை. முதலில் அது சூரியனோடு கூடவே நகர்வதாகத் தோன்றியது. மாதக்கணக்கில் பார்த்தபோது தினமும் நான்கு நிமிஷம் முந்திக்கொண்டே போனது தெரிந்தது. அதன் சுற்று 24 மணி நேரமல்ல, 23 மணி 56 நிமிஷம். அது நட்சத்திரங்களின் நாள். அந்த 'ஸ்' பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் எழுதினார். வானொலி வானவியல் அங்கே ஆரம்பிக்கிறது. கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் சகாக்களும் ஊட்டியில் ஒரு மலைச் சரிவை அப்படியே பயன்படுத்திக்கொண்டு 530 மீட்டர் நீளத்துக்கு அமைத்து, 1970இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கி இந்த வழியில் வந்ததுதான். டெலிபோன் கம்பெனி வேண்டாமென்று எறிந்ததை அது காது கொடுத்துக் கேட்கிறது.

ஜான்ஸ்கியும் வகைப்படுத்தினார் என்பதை மறக்கக்கூடாது. வகைப்படுத்தாமல் அவர் எதையும் கண்டிருக்க முடியாது. 'தெரியாதது' என்பதையும் ஒரு வகையாக வைத்து, அதற்கும் மற்ற இரண்டுக்கும் கொடுத்த அதே நேரத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

6

எங்கள் கிளைக்கு ஒருவர் வருவார். கூலி வேலை. பணம் எடுக்கும் சீட்டில் அவர் போடும் கையெழுத்து மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒத்துப்போகாது. கை நடுங்கும். குடித்துவிட்டு வருகிறார் என்பது கவுன்ட்டரில் இருக்கும் எங்களுடைய வகைப்பாடு. குறைந்தது மூன்று முறை 'கையெழுத்து மாறுபடுகிறது' என்று எழுதி நான் சீட்டைத் திருப்பியிருக்கிறேன். "சார், கை நிக்கல சார்" என்று சொல்லி இன்னொரு சீட்டு வாங்கி மறுபடி போட்டுப் பார்ப்பார். சில நாள் ஒத்துவரும். சில நாள் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். நாமினி என்ற முறையில் அவர் மனைவி பாஸ்புக்கும் இறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "எப்பவும் எடுக்கற வாந்திதான்னு நெனச்சேன் சார். காலையில எழுந்து கண்ணு தெரியலன்னாரு. அப்பத்தான் தூக்கிட்டு ஓடினோம்."

மெத்தனால் அப்படித்தான் வேலை செய்கிறது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுவதற்கு நேரமாகும். பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரம். கூடவே வழக்கமான சாராயமும் உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். முதல் சில மணி நேரம் அது சாதாரணப் போதையைப் போலவே இருக்கும். பிறகுதான் பார்வை பனிமூட்டம் போலாகும். பல வருஷம் இரவுதோறும் கேட்டுக் கேட்டு அந்த வாந்தி அவர் மனைவிக்கு இரைச்சலாகிவிட்டிருந்தது. அன்றைக்கு அது செய்தி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

குற்றம் சொல்லத் தக்க இடங்கள் வேறு இருக்கின்றன. 2008 மே மாதம் கர்நாடகத்திலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இதே போல் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள். ஒவ்வொரு முறையும் அது தனித்த துயரச் சம்பவமாகத்தான் எழுதப்பட்டது. எவ்வளவு காலம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே விஷயம் திரும்ப வருவதாகவோ வராததாகவோ தெரியும் என்று மேலே சொன்னேன். ஒரு வாரம் மட்டும் பார்க்கிற நாட்டுக்கு எல்லாச் சாவும் தற்செயல்தான்.

கணக்கை முடிப்பதற்காக அவருடைய பழைய சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐந்து வருஷச் சீட்டுகள். முதல் வருஷம் கையெழுத்து நேராக இருக்கிறது. பிறகு சுழிகள் உடைகின்றன. கடைசி வருஷத்தில் பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஒரு டாக்டர் நண்பரிடம் இதைச் சொன்னேன். நெடுநாள் குடிகாரர்களுக்குக் காலையில், குடிக்காமல் இருக்கும்போதுதான் கை அதிகம் நடுங்கும் என்றார். அவர் பத்தரை மணிக்கு வருகிறவர். குடித்துவிட்டு வந்தார் என்று நான் நினைத்த நாட்களில் அவர் ஒருவேளை குடிக்காமல் வந்திருக்கிறார். வங்கிக்குப் பெயர் சமிக்ஞை, நடுக்கம் இரைச்சல். டாக்டருக்கு நடுக்கம்தான் சமிக்ஞை. அவர் என்ன பெயரை எழுதினார் என்பது பொருட்டில்லை. அந்த ஐந்து வருஷக் கோட்டை வரிசைப்படி கையில் வைத்திருந்தது இந்த ஊரில் எங்கள் கிளை ஒன்றுதான். படிக்கத் தெரியாதவர்களிடம் அது இருந்தது.

7

இதற்கு ஒரு பதில் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டரில் நாற்பது பேர் நிற்கிறார்கள். கையெழுத்து ஒத்துப்போகாத சீட்டுக்குப் பணம் கொடுத்தால் நாளைக்கு வேறொருவன் போலிக் கையெழுத்தோடு வருவான். அதைத் தடுக்கத்தான் அந்த விதி. அது ஏழையின் பணத்துக்கும் காவல். எல்லோருடைய நடுக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பணம் போய்ச் சேராது. விமர்சகனுக்கும் இதே கதிதான். வருகிற ஒவ்வொரு கவிதைத் தொகுப்பையும் தனிப் பிரபஞ்சமாகப் பாவித்தால் எதையும் நல்லதென்றோ மோசமென்றோ சொல்ல முடியாது. தரம் என்ற சொல்லையே விட்டுவிட வேண்டியதுதான்.

இது சரியான பதில். வகைப்படுத்துவதை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. பொறியாளர்கள் இங்கேயும் நம்மைவிட நேர்மையாக இருக்கிறார்கள். தொடர்ச்சியான அளவை எண்ணாக மாற்றும்போது முழுக்கத் துல்லியமாக மாற்ற முடியாது. எட்டு பிட் என்றால் 256 படிகள்தான் உண்டு. நடுவில் விழுகிற மதிப்பைப் பக்கத்துப் படிக்குத் தள்ளித்தான் ஆகவேண்டும். அந்தப் பிழையைத் திருத்தவே முடியாது. ஆனால் அது அதிகபட்சம் அரைப்படி என்று அவர்களுக்குத் தெரியும். அதை எழுதியும் வைக்கிறார்கள். எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறோம் என்பதைப் பொய்யோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். நம் தீர்ப்புகளில் இந்த ஒரு வரி இருப்பதில்லை. இலக்கியமா இல்லையா என்று சொல்கிறோம். எந்த வேகத்தில் படித்தேன், எதைக் கேட்கக் காது போதவில்லை, எது புரியாமல் மிச்சமாக நின்றது என்பதைச் சொல்வதில்லை. சொன்னால் தீர்ப்பு பலவீனமாகிவிடும் என்ற பயம். ஜான்ஸ்கியின் மூன்றாவது வகை அவரைப் பலவீனப்படுத்தவில்லை.

அக்கா மகன் அந்தப் பேப்பரை இந்த முறை எழுதிவிட்டான். வகைப்படுத்துக என்ற கேள்வியும் வந்ததாம், சரியாகவே எழுதியிருக்கிறானாம். முடிவு இன்னும் வரவில்லை.

சீட்டைத் திருப்பும்போது காரணம் எழுத ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. 'கையெழுத்து மாறுபடுகிறது' என்பதோடு, அப்படிப்பட்டவர் வந்தால், 'கை நடுங்குகிறது' என்றும் இப்போது சேர்த்து எழுதுகிறேன். மேலாளர் ஒரு நாள் பார்த்துவிட்டு இது எதற்கு, யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டேன்.